டக்வெல் எந்தப் புத்தகத்தில் சாகிறார்

டோரீன் ஹெப்வொர்த்தின் கணவர் இறந்த பிறகு, ஓட்லி ஊர்க்காரர்கள் அவளை வழியில் கண்டால் வாயைத் திறந்து காட்டினார்கள். அவர்கள் துக்கம் விசாரித்த விதம் அது. வில்ஃப் அந்த ஊருக்கு ஆயுள் முழுக்கப் பல் டாக்டராக இருந்தவர். ஆறுதலாக நாலு வார்த்தை பேசு என்றால் யார்க்ஷயர் ஆண்பிள்ளைகளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயைப் பிளந்து காட்டுவது சுலபமாக இருந்தது.

"இந்தக் கடைவாய்ப் பல்லு பாருங்க. அவரு அடைச்சது. இன்னிக்கு வரைக்கும் அசையல," என்று கறிக்கடைக்காரர் கையில் கத்தியோடு குனிந்து காட்டினார்.

டோரீன் எட்டிப் பார்த்தாள். "நல்லா அடைச்சிருக்கு," என்றாள். சாசேஜை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. மார்ச் மாதம் அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். துவைத்து முடித்ததும் எதற்குத் துவைத்தோம் என்று யோசித்தாள். திரும்ப மாட்டிவிட்டாள். இன்றைக்கு அழுவாள், நாளைக்கு அழுவாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கைக்குட்டையும் கேக்குமாக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கேக் தீர்ந்தது, அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் வில்ஃப் ஊசி போட்டால் பாதி முகம் மரத்துக் கிடக்கும். கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். டோரீனுக்கு முழு ஆளுமே அப்படி இருந்தது. "மரப்பு விடும்போது வலிக்கும். வலிச்சா சரியாகுதுன்னு வச்சுக்கங்க," என்று சொல்லித்தான் அவர் எல்லோரையும் அனுப்புவார். வசந்தம் போய், கோடை போய், இலை உதிரத் தொடங்கியும் அவளுக்கு மரப்பு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேவிஸ் கிரீன்வுட் வந்தாள். டோரீனும் மேவிஸும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர்கள். டோரீன் பூகோளம், மேவிஸ் தையல். மேவிஸுக்குப் பதமாகப் பேச வராது. கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"டோரீன், இந்த வருஷம் நாம ஜெயிக்கிறோம்டி."

"எதுல?"

"எதுலயா? வரிசையிலதான்! பதிப்பகத்துக்காரங்க எழுதியிருக்காங்க. பதினொரு புத்தகத்தையும் புதுசாப் போடறாங்களாம். எந்த வரிசைல படிக்கணும்னு நம்ம சங்கம் சொன்னா, அதையே அட்டையில நம்பராப் போட்டுடுவாங்களாம். ஆயுசுக்கும் அதுதான்!"

"ஓ," என்றாள் டோரீன். "டீ போடவா?"

மேவிஸ் கையில் தொப்பியோடு நின்றாள். போன வருஷம் இதே செய்தி வந்திருந்தால் டோரீன் சமையலறையில் ஒரு சுற்று ஆடியிருப்பாள்.

சங்கம் என்றால் நெதர்விக் பேண்டு வாசகர் சங்கம். நெதர்விக் என்று ஒரு கிராமம். நிஜத்தில் கிடையாது, நாவலில் இருக்கிறது. அங்கே ஒரு பித்தளை வாத்தியக் குழு; எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை. ஊர்வலம் போனால் இவர்கள் ஒரு தெரு, ஊர்வலம் ஒரு தெரு. இவர்களைப் பற்றிப் பதினொரு நாவல்கள், ஒவ்வொன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பவை. எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது ஒரு வேலை செய்துவிட்டுப் போனார்: கதையை வரிசையாக எழுதவில்லை. மனம் போனபடி முன்னே பின்னே தாவி எழுதினார். அதனால் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. அச்சான வரிசையில்தான் படிக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. கதை நடந்த வரிசையில்தான் படிக்கவேண்டும் என்பது இன்னொரு கட்சி. வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் இந்த ஜனங்கள் கட்டின பெண்டாட்டியிடம் 'உன்னைப் பிடிக்கும்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுபவர்கள். புத்தக வரிசை பற்றி என்றால் விடிய விடியப் பேசுவார்கள்.

வில்ஃப் அச்சு வரிசைக் கட்சி. டோரீன் கதை வரிசைக் கட்சி. இருவரும் சந்தித்ததே சங்கத்து விருந்தில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து கத்திக்கொண்டபோதுதான். பட்டாணி ஆறிப்போய், மற்றவர்கள் எழுந்துபோய், மதுக்கடைக்காரர் நாற்காலியைக் கவிழ்க்க ஆரம்பித்த பிறகும் கத்தினார்கள். அடுத்த வருஷம் கல்யாணம்.

வீட்டில் இரண்டு அலமாரி. அவர் வரிசை ஒன்றில், அவள் வரிசை மற்றொன்றில். ஒரே புத்தகங்களை இரண்டு தடவை விலை கொடுத்து வாங்கிய வீடு அது. "நாலாவதுல அந்த ஆட்டு சமாச்சாரம் வருமே," என்று வில்ஃப் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தால், "யாரோட நாலு?" என்று டோரீன் கேட்பாள். "என்னோட நாலு." "அது எனக்கு ரெண்டு." அத்தோடு ஆட்டை மறந்துவிட்டுச் சண்டை.

கதை வரிசையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவளே டோரீன்தான். வைக்கோல் அறுப்பு எந்தப் புத்தகத்தில் முன்னே வருகிறது, ஆறு எப்போது உறைகிறது, பெரிய மேளத்தின் கிழிசலைப் பாதிரியார் மனைவியின் உள்பாவாடைத் துணியை வைத்து ஒட்டினார்களே, அந்த ஒட்டு எந்தெந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று வருஷக்கணக்காகத் தோண்டித் துருவினாள். சங்கத்தில் அவள் கட்சிக்கு 'உள்பாவாடைக்காரர்கள்' என்றே பெயர் வைத்திருந்தார் வில்ஃப்.

சண்டையின் வேர் டக்வெல்தான். அவர் ட்யூபா ஊதுபவர், குழுவிலேயே பெரிய வாத்தியம், ஒரு நாளும் நேரத்துக்கு வராத மனுஷர். அச்சு வரிசையில் ஏழாவது புத்தகத்தில் டக்வெல் இறந்துவிடுகிறார். பதினொரு புத்தகத்திலும் வேறு சாவே கிடையாது. குழு அவருக்காகக் கல்லறைத் தோட்டத்தில் வாசிக்கிறது. முதல்முறையாகச் சுருதி சேர்கிறது. அத்தோடு புத்தகம் முடிகிறது. எட்டாவது புத்தகத்தில் ஆசிரியர் பழைய காலத்துக்குப் போய்விடுகிறார். முதல் பக்கத்திலேயே பயிற்சி அறையில் பேண்டு மாஸ்டர் ஆஜர் எடுக்கிறார். "டக்வெல்?" பதில் இல்லை. கதவு திறக்கிறது. ட்யூபாவோடு டக்வெல் உள்ளே வருகிறார். "மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. வழியில பசு."

"செத்தவன் லேட்டா வர்றான்! ஒருத்தனும் ஏன்னு கேக்கல! நகர்ந்து உக்காந்து இடம் விடறாங்க! இதைவிட ஒரு மனுஷனுக்கு வேற என்ன வேணும்?" என்பார் வில்ஃப், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"செத்தவர் வரல, வில்ஃப். அது அதுக்கு முந்தின வருஷம்," என்பாள் டோரீன்.

அவள் வரிசையில் அந்த ஏழாவதுதான் பதினொன்று. டக்வெல் இறக்கிறார், வாத்தியம் சுருதி சேர்கிறது, கதை முடிந்தது. அதுதான் மரியாதையான முடிவு என்பது அவள் கட்சி. இறந்தவர்கள் கடைசியில் இறக்கவேண்டும், நடுவில் இறந்துவிட்டு நாற்காலி கேட்டு வரக்கூடாது.

மேவிஸ் டீயைக் குடித்தாள். "நான் எண்ணிப் பார்த்துட்டேன். நீ கை தூக்கினா ஒரே ஒரு ஓட்டுல ஜெயிப்பு. தூக்கலைன்னா சரிசமம். சரிசமம்னா ஆர்மிடேஜ் என்ன பண்ணுவார்னு உனக்கே தெரியும்."

ஆர்மிடேஜ் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வக்கீல். ஓட்டு சரிசமமானால் மட்டும் தலைவர் ஓட்டுப் போடுவார்; அது, ஏற்கெனவே இருப்பது இருக்கட்டும் என்றுதான் விழும். அப்படித்தான் வழக்கம். இருப்பது அச்சு வரிசை. ஆக, டோரீன் கை தூக்காவிட்டால் வில்ஃப் கட்சி ஜெயித்த மாதிரி.

"அதான் ஈடு இருக்கே," என்றாள் டோரீன்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். அதை முறிச்சுடு. ஒரு வரி எழுதி ஆர்மிடேஜ் கையில குடு. முடிஞ்சுது."

ஈடு என்பது பாராளுமன்றத்தைப் பார்த்து சங்கம் எடுத்துக்கொண்ட பழக்கம். ஒரு கட்சிக்காரர் கூட்டத்துக்கு வரமுடியாமல் போனால், எதிர்க்கட்சியில் அவருக்கு ஈடாகப் பெயர் கொடுத்தவரும் அன்றைக்குக் கை தூக்காமல் இருந்துவிடவேண்டும். வராதவனை முதுகில் குத்தக்கூடாது என்பது கருத்து. வில்ஃபும் டோரீனும் கல்யாணமான வருஷமே ஒருவருக்கொருவர் ஈடு நின்றுவிட்டார்கள். வில்ஃப் காலில் வாதம் வந்து படுத்திருந்தபோது டோரீன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் விட்பியில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டபோது வில்ஃப் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், அவருக்கு அது பெரிய தண்டனை. இருவரில் ஒருவர் எழுதிக் கொடுத்து முறிக்கும் வரைக்கும் ஈடு செல்லும்.

"செத்தவருக்கு என்னடி ஈடு? நீ முப்பது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் போட்ட கணக்கு. அந்த உள்பாவாடையே உனக்கு ஒரு ஓட்டுப் போடணும். எழுதித் தர்றியா?"

"சரி," என்றாள் டோரீன். மேவிஸ் பேனாவை நீட்டினாள். டோரீன் ஒரு வரி எழுதினாள், மடித்தாள், கைப்பையில் வைத்தாள். உப்பு வாங்கணும் என்று குறித்துவைப்பதற்கு எவ்வளவு யோசிப்பாளோ அவ்வளவுதான் யோசித்தாள். ஜெயித்தால் சந்தோஷமாக இருக்குமா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. தோற்றால் வருத்தமா? அதற்கும் இல்லை. மேவிஸுக்காவது ஆசை இருக்கிறதே, அது நிறைவேறட்டும்.

கூட்டத்துக்கு முந்தின சந்தை நாளில் கிளிஃபர்டைப் பார்த்தாள். கிளிஃபர்ட் ரயில்வேயில் இருந்தவர், வில்ஃபுக்கு அடுத்தபடி அச்சு வரிசைக் கட்சிக்குப் பெரிய தலை. மீன் கடை வரிசையில் அவள் பின்னால் வந்து நின்று, மழையைப் பற்றிப் பேசினார், அடுத்த மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"டோரீன், அந்த ஈடு விஷயம். நீ முறிச்சுக்கம்மா. எங்க பக்கத்துல ஒருத்தரும் தப்பா நினைக்கமாட்டோம்."

"உங்க பக்கம் தோத்துடுமே கிளிஃபர்ட்."

"தோத்தாத் தோக்குது. வில்ஃப் இருந்தா அவனும் இதைத்தான் சொல்லுவான்."

"சொல்லமாட்டார்."

கிளிஃபர்ட் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, சொல்லமாட்டான்தான்," என்றார். "தரையில படுத்துப் புரண்டிருப்பான்." பிறகு வேறு வழி தெரியாமல் வாயைத் திறந்து, கீழ்வரிசையில் ஒரு பல்லைக் காட்டினார். டோரீன் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வில்ஃபின் அலமாரி முன்னால் நின்றாள். அவர் வரிசையில் ஒரு தடவைகூட அவள் படித்ததில்லை. படித்துப் பார் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். அவள் படிக்கவில்லை, படித்தால் தோற்றமாதிரி. ஏழாவதை எடுத்தாள், டக்வெல்லைப் புதைக்கும் பக்கத்தைப் பிரித்தாள், படித்தாள். எழுத்துகள் எழுத்துகளாக இருந்தன. எட்டாவதை எடுக்கக் கை போகவில்லை. தூசி தட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள்.

கூட்டம் அக்டோபர் முதல் சனிக்கிழமை மத்தியானம், ஆற்றோரத்து மதுக்கடையின் மாடி அறையில். வழக்கம்போல் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட போர்க் பையும் மசித்த பட்டாணியும் புதினாச் சாறும். வழக்கம்போல் கணப்புப் பக்கத்தில் கட்சிக்கு ஒரு பக்கமாக நாற்காலிகள். டோரீன் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். மேவிஸ் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து இடம் கொடுத்தாள். "எழுதினது இருக்கில்ல?" என்று காதைக் கடித்தாள். டோரீன் தன் பையைத் தொட்டுக் காட்டினாள்.

கணப்புக்குப் பக்கத்தில் கரி வாளி இருந்தது. வருஷா வருஷம் ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வாதத்துக்குப் பொருத்தமான ஒரு பக்கத்தைப் படிக்கும். அச்சு வரிசைக் கட்சி எட்டாவதின் முதல் பக்கத்தைத்தான் படிக்கும், வேறு எதுவும் படித்ததே இல்லை. கிளிஃபர்ட் பேண்டு மாஸ்டர். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் குழு. வில்ஃப் அந்தக் கரி வாளியைத் தூக்கிக்கொண்டு முன்கூட்டியே வெளியே போய்ப் படிக்கட்டு முகப்பில் நின்றுகொள்வார். டக்வெல் பெயர் வரும்போது வாளியை ட்யூபாவாகத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வருவார். சட்டையெல்லாம் கரியாகும். டோரீன் மட்டும் சிரிக்கமாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இந்தச் சட்டையை எவன் துவைப்பது என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷம் அதை விட்டுவிடலாமா என்று ஆர்மிடேஜ் மெதுவாகக் கேட்டார். கிளிஃபர்ட் டோரீனைப் பார்த்தார்.

"படிங்க," என்றாள் டோரீன். "படிக்காம ஓட்டு எடுத்தா நாளைக்கு யாராவது குத்தம் சொல்லுவாங்க."

முதலில் மேவிஸ் தன் கட்சிக்காக டக்வெல் அடக்கத்தைப் படித்தாள். அது டோரீன் வழக்கமாகப் படிக்கும் பக்கம். இந்தத் தடவை மேவிஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள். தையல் வாத்தியார் நிறுத்தி நிறுத்தி நன்றாகவே படித்தாள். சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். டோரீன் மேஜைவிரிப்பில் ஒரு பட்டாணி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கிளிஃபர்ட் எழுந்தார், கண்ணாடியை மாட்டினார், ஆஜர் எடுக்க ஆரம்பித்தார்.

"கார்னெட்டு முதல்?"

"வந்தாச்சு!" என்று ஒரு மூலையிலிருந்து குரல்.

"கார்னெட்டு ரெண்டு? பல்லு இருக்கா இன்னிக்கு?"

"கடன் வாங்கிட்டு வந்திருக்கேன் மாஸ்டர்!"

"பெரிய மேளம்?"

"வந்தாச்சு! மேளம் வரல!"

சிரிப்பு கிளம்பிவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம். வாய் தானாகப் பதில் சொன்னது, உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. கிளிஃபர்டுக்கும் பழைய தெம்பு வந்துவிட்டது. குரலை உயர்த்தினார்.

"டக்வெல்?"

நிறுத்தினார். வருஷா வருஷம் நிறுத்தும் இடம் அது. நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து கதவைப் பார்த்தார்கள், சிரிப்பதற்குத் தயாராக.

கதவு திறக்கவில்லை.

கிளிஃபர்ட் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து சிவந்துபோனார். ஆனாலும் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. யாராலும் முடியவில்லை. கீழே தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அப்புறம் படிக்கட்டில் காலடிச் சத்தம். கனமான ஆள், அவசரமில்லாத நடை, படி படியாக மேலே வந்தது. முகப்பில் நின்றது. மேவிஸ் டோரீனின் கையைப் பிடித்தாள். டோரீன் பாதி எழுந்திருந்தாள்.

காலடி நகர்ந்தது. முகப்பிலிருந்த கழிப்பறைக் கதவு திறந்து, மூடி, தாழ்ப்பாள் விழுந்தது.

டோரீன் அப்படியே, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் இருந்தாள். இத்தனை மாதமாகத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. காத்துக்கொண்டிருந்தாள். திரைச்சீலையைத் துவைத்தது, பல்லைப் பார்த்தது, டீ போட்டது எல்லாம் காத்திருந்த நேரத்தில் செய்த வேலைகள். பூகோளம் படித்தவள், கணக்குப் போடுபவள், செத்தவர் வரமாட்டார் என்று முப்பது வருஷம் கட்சி கட்டியவள், மார்ச்சிலிருந்து ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார் கிளிஃபர்ட். புத்தகத்தை மூடினார். "பழக்க தோஷம். முட்டாள் நான்."

"பரவால்ல," என்றாள் டோரீன். உட்கார்ந்தாள்.

ஆர்மிடேஜ் அவசர அவசரமாக ஓட்டெடுப்புக்குப் போனார். இது பதிப்பகத்துக்குப் போகிற விஷயம் என்பதால் இந்த வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் "அச்சு" அல்லது "கதை" என்று பதில் வந்தது. மேவிஸ் தன் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். அவள் சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருந்தது. கடைசிக்கு முன்னால் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் ஒரே ஒரு பெயர்.

"திருமதி ஹெப்வொர்த்?"

மேவிஸ் முழங்கையால் இடித்தாள். டோரீன் பையைத் திறந்தாள், மடித்த தாளை எடுத்தாள், கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் கை தூக்கல," என்றாள். "எனக்கு ஈடு இருக்கு."

"அடியே!" என்றாள் மேவிஸ். "கையில வச்சிருக்கியேடி, குடு அதை!"

ஆர்மிடேஜ் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் குரல் போய் மனுஷக் குரல் வந்தது. "டோரீன், ஈடு வராதவங்களுக்குத்தான். வில்ஃப்... நாமெல்லாம் போய்ச் சேர்ந்து அடக்கம் பண்ணினோமேம்மா."

"எனக்குத் தெரியாதா? நான்தான் முன்வரிசையில இருந்தேன்." தாளைக் கிழித்தாள். இரண்டாகக் கிழித்து, அதை நாலாகக் கிழித்து, எழுந்துபோய்க் கரி வாளியில் போட்டாள். வாளியைப் பார்த்தபடியே சொன்னாள். "வில்ஃப் வரல. ஈடுக்கு அவ்வளவு போதுமில்ல? ஆள் வரல. லேட்டாகுது."

கிளிஃபர்ட் மறுபடி கதவைப் பார்த்தார்.

"வழியில பசு நின்னிருக்கும்," என்றாள் டோரீன்.

அவள்தான் முதலில் சிரித்தாள். முப்பது வருஷமாக உதட்டைக் கடித்து அடக்கிவைத்த சிரிப்பு. தோள் குலுங்கி, மூச்சு முட்டி, கணப்பு மாடத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டி வந்தது. கிளிஃபர்ட் சிரித்தார், அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவளுக்கு வலித்தது. முதலில் நெஞ்சில், பிறகு எல்லா இடத்திலும், இத்தனை நாள் வலிக்காததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வலித்தது. கரி வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். வெள்ளை ரவிக்கையெல்லாம் கரியானது. யாரும் தடுக்கவில்லை. யார்க்ஷயர் ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆர்மிடேஜ் தன் ஓட்டை, இருப்பது இருக்கட்டும் என்று போட்டார். அவர் கதை வரிசைக் கட்சிதான். ஆனாலும் வழக்கம் வழக்கம்.

மேவிஸ் தரையில் உட்காரச் சிரமப்பட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து டோரீனின் மடியில் போட்டாள், கொடுத்தாள் என்று சொல்லமுடியாது.

"போச்சு. முப்பது வருஷ உழைப்பு. இனிமே டக்வெல் சாகறது ஏழுதான். அட்டையிலேயே போட்டுடுவாங்க. எவன் வந்து கேட்டாலும் யாரோட ஏழுன்னு கேக்கக்கூட முடியாது."

டோரீன் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது.

"ஏழுதான்," என்றாள். "அதுக்கப்புறமும் நாலு புத்தகம் இருக்கு, மேவிஸ்."